தனியா தூக்க முடியுமா?

வெளிநாட்டு வேலை உறுதியான அன்னிக்கு ஊட்டுல ஆளாளுக்கு ஒரு கவல. அம்மாவுக்கு சோத்துக் கவல, அக்காவுக்கு விசா, ஒறம்பரைகளுக்கு சம்பளம் எவ்வளவுன்னு தெரியணும். எனக்கு மட்டும் என்ற எக்ஸ்பல்ஸ் பைக்க எப்படி கப்பல்ல ஏத்தறதுன்னு. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு ரெண்டு நாளு கமுக்கமா இருந்தேன், மூணாவது நாளு அப்பாகிட்ட சொன்னேன், அவரு சிரிக்கல, "அதுக்கு எவ்வளவு ஆகும் கண்ணு"ன்னு மட்டும் கேட்டுப்போட்டு மாட்டுக்கு தண்ணி காட்ட போயிட்டாரு.

நமக்கு ஊரு கோபி பக்கம், கீழ்பவானி வாய்க்கா பாசனம். கோயமுத்தூர்ல பெரிய மெஷின்களுக்கு மெயின்டனன்ஸ் பாத்துட்டு இருந்தவன், 2024ல மேற்கு ஆஸ்திரேலியாவுல கல்கூர்லிங்கற தங்கச் சுரங்க ஊருக்கு ஃபிட்டரா வந்தேன். பெர்த்ல இருந்து கெழக்க ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஊர ஒட்டியே ஒரு குழி இருக்குது, சூப்பர் பிட்டுன்னு பேரு, மூணரை கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், ஆழம் 600 மீட்டருக்கு மேல. மொத மொத எட்டிப் பாத்தப்ப எங்கூரு கெணறு வெட்டற ஆளுங்கள கூட்டியாந்து காட்டோணும்னுதான் தோணுச்சு. ஊரத் தாண்டுனா நாலாபக்கமும் செம்மண்ணு, யூகலிப்டஸ் மரம், மண் ரோடு. இந்த மாதிரி பைக்குக்குன்னே படைச்ச ஊரு, ஆனா எந்த பைக்குன்னு முடிவு பண்ண எனக்கு ஆறு மாசம் ஆச்சு, அந்த ஆறு மாசத்துல பாதி முட்டாள்தனம்.

எக்ஸ்பல்ஸ் 2021ல வாங்குனது. 200 சிசி, பதினெட்டு குதிரை, 157 கிலோ, முன்னாடி 21 இன்ச் வீலு. ஞாயித்துக்கெழம வெடியால கெளம்பி சத்தி, பண்ணாரி, திம்பம் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி ஆசனூர்ல டீ குடிச்சுட்டு தாளவாடி போறது, இல்லீன்னா கடம்பூர் ஏறி மாக்கம்பாளையம் பக்கம் குரும்பூர் பள்ளத்துல தண்ணிக்குள்ள எறங்கி ஏர்றது. பள்ளத்துல தண்ணி வந்தா பஸ்ஸே நின்னுரும், அதுக்குள்ள நம்ம வண்டி போவும்போது ஒரு கெத்து இருக்கும் பாருங்க, அத சொன்னா புரியாது. அந்த வண்டிய விட்டுட்டு வர்றதா?

எக்ஸ்பல்ஸ் ஒரு டூயல் பர்ப்பஸ் வண்டி. அப்படின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. லைட்டு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டு எல்லாம் இருக்கும், தார் ரோட்டுல சட்டப்படி ஓட்டலாம், ஆனா பெரிய முன் வீலு, நீளமான சஸ்பென்ஷன், ஒசந்த சீட்டு, அதனால மண்ணுலயும் கல்லுலயும் எறக்கலாம். இத எங்கப்பாகிட்ட விளக்குனப்ப அவரு சொன்னது, "அப்ப நம்ம டிவிஎஸ் ஃபிஃப்டியும் அதுதான?" யோசிச்சா சரிதானுங்க. 1980ல வந்த வண்டி அது, எங்க ஊட்டுக்கு வந்தது பத்து வருஷம் கழிச்சு. வெடியால பால்கேனு, மத்தியானம் தீவன மூட்டை, பொழுதோட நோம்பிக்கு அம்மாவையும் எங்களையும் ஏத்திட்டு போவும். கிளுவை வேலிக்கு நடுவுல ஒரு மாட்டு வண்டி அகலத்துக்கு பள்ளமா போற இட்டேரில, மழை பேஞ்ச மறுநாளு, ரெண்டு பக்கமும் கேனு தொங்க அப்பா ஓட்டுனத பாத்தா எந்த அட்வெஞ்சர் ரைடரும் ஹெல்மெட்ட கழட்டி கும்புடுவான்.

செரி, கப்பல் கதைக்கு வர்றேன். விசாரிச்சேன். ஆஸ்திரேலியாவுக்கு சொந்த வண்டிய கொண்டு போறதுன்னா, அந்த வண்டிய வெளிநாட்டுல குறைஞ்சது 12 மாசம் தொடர்ந்து சொந்தமா வெச்சு ஓட்டியிருக்கோணும், கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாடியே இம்போர்ட் அப்ரூவல் கைல இருக்கோணும். அதுல நான் பாஸ். அடுத்து குவாரன்டைன். வண்டில மண்ணு, வெத, புல்லு, பூச்சி ஒண்ணும் இருக்கக் கூடாது, இருந்தா அவங்களே கழுவி காசு வாங்குவாங்க, இல்லீன்னா திருப்பி அனுப்புவாங்க. என்ற வண்டியோட ஸ்விங் ஆர்முக்குள்ள, ஃபோர்க்கு ரப்பருக்கு அடில, ரேடியேட்டர் இல்லாத எஞ்சின் ஃபின்னுக்கு நடுவுலன்னு மூணு வருஷத்து தோட்டத்து மண்ணு ஒட்டி செங்கல்லா ஆயிருக்குது. ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க பல்லு தேய்க்கற பிரஷ்ஷ வெச்சு தேச்சேன். பொழுது எறங்கற வரைக்கும் தேச்சும் ஹெட்லைட்டு பின்னாடி விரல விட்டா செவப்பாத்தான் வருது. எதிர்ல கட்டுத்தரைல நின்னுட்டு இருந்த எருமை என்னையே பாத்துட்டு இருந்துது, இப்படி ஒருத்தனும் தன்னை கழுவுனதில்லையேன்னு நெனச்சுதோ என்னமோ.

அன்னிக்கு ராத்திரி திருச்செங்கோட்டு மாமாவுக்கு போன் பண்ணேன். அம்மாவோட தம்பி, ரிக்கு வெச்சிருக்கறவரு. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிங்க இந்தியா பூரா சுத்துதுன்னு உங்களுக்கு தெரியும். மாமா ஒடிசா, சத்தீஸ்கர்னு மாசக் கணக்கா காட்டுக்குள்ள கெடந்த மனுசன். அவரு கேட்டது ரெண்டே கேள்வி. "மாப்ள, அந்தூர்ல இந்த வண்டிக்கு கிளட்ச் பிளேட்டு எந்த கடைல கெடைக்கும்? எத்தன நாள்ல வரும்?" நான் கடையே கெடையாதுங் மாமா, இந்தியாவுல இருந்து பார்சல்தான்னேன். "அப்ப அது வண்டியில்ல, பொம்மை. ரிக்கு வாங்கறப்ப நாங்க எஞ்சின பாக்கறதுக்கு முன்னாடி, போற வழில எங்க எங்க ஸ்பேர் இருக்குதுன்னுதான் பாப்போம். நல்ல வண்டிங்கறது ரிப்பேர் ஆவாத வண்டி இல்ல மாப்ள, ஆன எடத்துலயே சரி பண்ற வண்டி." போன வெச்சுட்டு பிரஷ்ஷ குப்பைல போட்டேன்.

இன்னொரு விசயமும் இருக்குது, அத கல்கூர்லி வந்த பொறவுதான் ஒடம்புல உணர்ந்தேன். இந்த ஸ்டேட்ல போர்டு இல்லாத நெடுஞ்சாலைல லிமிட்டு 110. கூடவே ரோடு டிரெயின்னு ஒண்ணு வருது, ஒரு லாரி பின்னாடி மூணு டிரெய்லர் வரைக்கும் கோத்து மொத்தம் 53.5 மீட்டர் நீளம் கூட இருக்கும். நாமக்கல்லு லாரில அஞ்சு நிறுத்துனா எவ்வளவோ அவ்வளவு. எதிர்ல அது தாண்டும்போது ஒரு காத்து அடிக்கும் பாருங்க, நெஞ்சுல கைய வெச்சு தள்ளுன மாதிரி. பதினெட்டு குதிரைய முறுக்கி முறுக்கி எம்பதுல போய்ட்டு இருந்தா பின்னாடி அந்த மாதிரி ஒண்ணு வந்து நிக்கும், முன்னாடியும் போவ முடியாது, ஒதுங்கவும் எடம் இல்ல. எக்ஸ்பல்ஸ் மேல குத்தமே இல்லீங்க, கடம்பூருக்கு அதவிட நல்ல வண்டி கெடையாது. ஊரு மாறிருச்சு, அவ்வளவுதான்.

அடுத்து லைசென்ஸ் சங்கதி. நம்மூரு லைசென்ஸ காட்டி அப்படியே மாத்திக்கற நாடுங்க பட்டியல்ல இந்தியா இல்ல, அதனால தியரி டெஸ்ட் எழுதோணும், ஓட்டியும் காட்டோணும். பதினாறு வருஷமா பைக் ஓட்டறேன்னு சொன்னா ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. நான் மொத தடவ ஃபெயிலு, சொல்லறதுக்கு வெக்கமா இல்ல, தோளுக்கு மேல தலைய திருப்பி பாக்கோணுமாம், கண்ணாடிய மட்டும் பாத்தா ஆவாதாம், நம்மூர்ல கண்ணாடியையே பாக்கறதில்லீங்களே. மொதல்ல கெடைக்கறது ஆர்-இ கிளாஸ், அதுல லாம்ஸ்னு சொல்ற, புதுசா ஓட்டறவங்களுக்கான பட்டியல்ல இருக்கற பைக்குதான் ஓட்டலாம், கொஞ்ச காலம் இத ஓட்டுன பொறவுதான் முழு ஆர் கிளாஸ்.

லாம்ஸ் கணக்கு நல்லா யோசிச்சு பண்ணது, அத கொஞ்சம் சொல்றேன், ஏன்னா நம்மாளுங்க நெறைய பேரு வர்றதுக்கு முன்னாடியே மனசுல பெரிய பைக்க முடிவு பண்ணிட்டு வர்றாங்க. எஞ்சின் 660 சிசிக்கு மேல போவக் கூடாது. அதோட பவருக்கும் எடைக்கும் உள்ள விகிதம் ஒரு டன்னுக்கு 150 கிலோவாட்ட தாண்டக் கூடாது, எடைல ஓட்டறவனுக்குன்னு 90 கிலோ சேத்துக்குவாங்க. எனக்கு கண்ணுலயே நின்னுட்டு இருந்தது யமஹா டெனெரே 700. முழு பவர் மாடல எடுத்துக்கங்க, 689 சிசி, அங்கயே அவுட்டு. சிசிய விடுங்க, 54 கிலோவாட்டு, வண்டி எடை 205, ஆளு 90, மொத்தம் 295 கிலோ, டன்னுக்குன்னு வகுத்தா 183 கிலோவாட்டு. ரெண்டு விதத்துலயும் வெளிய. பேப்பர்ல இந்த கணக்க போட்டு பாத்தப்ப மனசு ஒடைஞ்சுது, ஆனா சீட்டு ஒசரம் 875 மில்லிமீட்டருன்னு பக்கத்துலயே எழுதியிருந்துது, நான் அஞ்சடி அஞ்சு இன்ச்சு, அதனால ரொம்ப ஒடையல.

இந்த சீட்டு ஒசரம் பத்தி உண்மைய பேசோணும். வீடியோவுல பைக்க பாக்கறவன் எல்லாம் ஆறடி ஆளு ஓட்டறத பாத்துட்டு ஆசப்படறான். எக்ஸ்பல்ஸ் 823, எனக்கு முன்பாதம் ஊனும். தார் ரோட்டுல ஒரு காலு விரல் நுனி பட்டாக்கூட போதும், ஒண்ணும் ஆவாது. ஆனா சரிவுல, கல்லு மேல நிக்கறப்ப, கால் ஊனப் போற எடத்துல அரையடி பள்ளம் இருந்தா வண்டி அந்தப் பக்கம் சாயும், சாய ஆரம்பிச்ச பொறவு 200 கிலோவ புடிக்கறது நம்மளால ஆவற காரியம் இல்ல, விட்டுட்டு தள்ளி நிக்கறதுதான் புத்திசாலித்தனம்.

அப்ப பட்டியல்ல மிச்சம் இருந்தது இதுங்க. நம்ம ஹிமாலயன் 450, 2023 கடைசில வந்தது, 452 சிசி, 40 குதிரை, 17 லிட்டர் டேங்க்கு, சீட்டு 825ல இருந்து 845 வரைக்கும் மாத்திக்கலாம், லாம்ஸ் பட்டியல்லயும் இருக்குது. மெட்ராஸ் பக்கம் செஞ்ச வண்டிய இந்த ஊரு ரோட்டுல பாக்கறப்ப ஒரு பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். எடை 196 கிலோ. ஹோண்டா சிஆர்எஃப் 300 எல், 142 கிலோதான், எறகாட்ட இருக்கும், ஆனா டேங்க்கு 7.8 லிட்டர், இங்க இருந்து அடுத்த பங்க்கு வரைக்குமே பயந்துட்டு போவோணும். அதோட ரேலி மாடல்ல 12.8 லிட்டர், சீட்டு இன்னும் கொஞ்சம் மேல. கவாசாகி கேஎல்ஆர் 650, 23 லிட்டர் டேங்க்கு, 1987ல இருந்து வர்ற பேரு, 2022 மாடல்ல இருந்து ஃபியூவல் இன்ஜெக்ஷன், ஆனா 200 கிலோவுக்கு மேல. சுசுகி டிஆர் 650, 644 சிசி, ஒத்த சிலிண்டர், காத்துலயும் ஆயில்லயும் ஆறிக்கற எஞ்சின், கார்புரேட்டர், அஞ்சு கியரு, டேங்க்கு 13 லிட்டர், எடை 166.

இதுல டிஆர் 650ய கவனிச்சு பாத்தா சிரிப்பு வரும். இப்ப இருக்கற உருவம் 1996ல வந்தது. டிராக்ஷன் கண்ட்ரோல் இல்ல, டிஸ்ப்ளே இல்ல, ஏபிஎஸ் இல்ல. எனக்கு மொதல்ல புடிக்கல, எங்க காலேஜ் காலத்து வண்டியவிட பழசு, இதுக்காடா கடல் தாண்டி வந்தோம்னு. ஆனா என்ற ஷிஃப்ட்டுல மட்டும் நாலு பேரு அத வெச்சிருக்கறான். ஒருத்தன் ஊட்டு ஷெட்டுல அலமாரி பூரா அதோட சாமான், கிளட்ச் பிளேட்டு ரெண்டு செட்டு, பழைய கார்பு, கேபிளு. திருச்செங்கோட்டு மாமா கேட்ட கேள்விக்கு அந்த அலமாரிதான் பதில். வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விடற இடைவெளி, அத சரி பண்ண ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான், ஒரு ஸ்பேனரு, இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜு இருந்தா மரத்தடில உக்காந்து பண்ணிரலாம். சீட்டு ஒசரம் 885ன்னு பாத்து பயந்தேன், அப்பறம்தான் தெரிஞ்சுது, கம்பெனிலயே ஃபோர்க்குலயும் பின்னாடி ஷாக்குலயும் மாத்திக்க வழி வெச்சிருக்கறாங்க, ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் எறங்கும். எறக்குனா சைடு ஸ்டாண்டும் குட்டையா மாத்தோணும், இல்லீன்னா வண்டி நட்டுக்கா நின்னுட்டு காத்தடிச்சா அந்தப் பக்கம் விழும்.

இத்தனையும் பாத்துட்டு ஹிமாலயனா டிஆரான்னு ரெண்டு மாசம் ஊசலாடிட்டு இருந்தேன். அந்த சமயம் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். ஒரு நாளு பொழுதோட அப்பாகிட்ட ரெண்டு வண்டி படத்தையும் காட்டுனேன். அவரு கண்ணாடிய மாட்டிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. மைலேஜ் கேப்பாருன்னு நெனச்சேன்.

"தனியாத்தான போவே?"

"ஆமாங்ப்பா."

"விழுந்தா தனியா தூக்குவியா?"

தூக்கலாமுங்ப்பான்னேன். "எங்க, தூக்கு பாக்கலாம்"னு எந்திரிச்சுட்டாரு. எக்ஸ்பல்ஸ தள்ளிட்டு போயி, கடலக்காடு உழுது போட்டிருந்துது, அதுல சாய்ச்சு போடுன்னாரு. போட்டேன். ஹேண்டில் பாரையும் பின்னாடி கம்பியையும் புடிச்சு முன்னால குனிஞ்சு தம் கட்டி இழுத்தேன், முதுகுல மளுக்குன்னுச்சு, வண்டி ஒரு சாண் எந்திரிச்சு திரும்ப படுத்துக்கிச்சு. அப்பா பேசல. வேட்டிய மடிச்சு கட்டிட்டு வந்தாரு, வண்டிக்கு முதுக காட்டி சீட்டு ஓரத்துல உக்கார்ற மாதிரி குந்துனாரு, ஒரு கைல ஹேண்டில் பார முழுசா திருப்பி புடிச்சுட்டாரு, இன்னொரு கை பின்னாடி கம்பில, அப்படியே காலால ஒந்தி பின்னாலயே சின்னச் சின்ன அடி வெச்சு நடந்தாரு, வண்டி எந்திரிச்சு நின்னுக்கிச்சு. அறுவத்தி நாலு வயசு. "பால்கேனு ரெண்டும் ரொம்பி இருக்கறப்ப இட்டேரில எத்தன தடவ உழுந்திருப்பேன்னு நெனக்கற, கைல தூக்குனா தூக்க முடியுமா, காலுலதான் தூக்கோணும். எந்தப் பக்கம் நிமிருதோ அந்தப் பக்கத்து ஸ்டாண்ட மொதல்லயே போட்டுக்கோணும், இல்லீன்னா இந்தப் பக்கம் தூக்குனது அந்தப் பக்கம் போயி உழும்." இந்த முறைய பெரிய பெரிய ரைடிங் ஸ்கூல்ல காசு வாங்கிட்டு சொல்லித் தர்றாங்கன்னு பின்னால தெரிஞ்சுது.

பொறவு நானே பத்து தடவ சாய்ச்சு தூக்குனேன். 157 கிலோ, உழுத மண்ணுல, ஏழாவது தடவைக்கே தொடை நடுங்குச்சு. டிஆரோட 166ம் ஹிமாலயனோட 196ம் பேப்பர்ல முப்பது கிலோ வித்தியாசம், ஒரு மூட்டை மாட்டுத் தீவனம் கூட இல்ல, ஆனா ஏழாவது தடவைல அது தெரியும். அன்னிக்கே டிஆர்னு முடிவாயிருச்சு.

அந்த லீவுலயே இன்னொரு காரியம் பண்ணேன், இதயும் சொல்லியாவோணும். எங்கூரு பஸ் ஸ்டாப்புகிட்ட ஒரு பஞ்சர் கடை. நம்ம நாட்டுல ஒரு வசதி, எந்த முக்குல டயரு போனாலும் அரை பர்லாங்குக்குள்ள ஒரு டயர தொங்க விட்டு ஒரு அண்ணன் உக்காந்திருப்பாரு. கல்கூர்லி பக்கம் அடுத்த ஆளப் பாக்கவே 150 கிலோமீட்டர் போவோணும். இந்த வண்டிங்களுக்கு கம்பி வீலு, டியூபு டயரு. அதனால ரெண்டு நாளு அந்த அண்ணன் கடைல போயி உக்காந்து, "ஏனுங்ணா, எனக்கு கழட்டி மாட்ட கத்துக் குடுங்க"ன்னேன். சிரிச்சுட்டு ஒரு லாரி டியூப்ப கைல குடுத்து ஒட்டுன்னாரு. சோப்புத் தண்ணி, லிவரு எந்த எடத்துல விடறது, எதிர்ப் பக்கம் முட்டி போட்டு டயர ரிம்மு நடுப் பள்ளத்துக்குள்ள தள்ளுனாத்தான் இந்தப் பக்கம் லூசு கெடைக்கும், கடைசி ஒரு சாணுக்கு பலத்த காட்டுனா டியூபு கிள்ளுப்படும். மொத நாளு மூணு டியூப்ப கிள்ளுனேன், காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, வலுக்கட்டாயமா பாக்கெட்ல வெச்சுட்டு வந்தேன். ஒரு சூட்சுமமும் இருக்குது, 21 இன்ச் முன் டியூபு ஒண்ணு மட்டும் வெச்சிருந்தா அவசரத்துக்கு பின் வீலுலயும் மடிச்சு திணிச்சு ஊடு சேந்துரலாம், ரெண்டு டியூபு சொமக்க வேண்டியதில்ல.

ஊர்ல கெடைக்கற ஏதோ ஒரு ஹெல்மெட்ட வாங்கிட்டு போலாம்னு நெனக்காதீங்க. ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் இருந்தா ஆஸ்திரேலியாவுல செல்லாது, ஏஎஸ் என்ஜெட்எஸ் 1698 ஸ்டிக்கர் வேணும், இல்லீன்னா ஐரோப்பாவோட ஈசிஇ 22.05, 22.06. ஐஎஸ்ஐ, ஈசிஇ ரெண்டும் போட்டது இப்ப கோயமுத்தூர்லயே கெடைக்குது, அத வாங்குனா ரெண்டு ஊருக்கும் ஆவும். ஜாக்கெட்டு, பூட்ஸ் எல்லாம் அங்கயே வாங்கிக்கலாம்.

திரும்பி போனதும் செகண்ட் ஹேண்டு டிஆர் தேடுனேன். இங்க பழைய வண்டி வாங்கறதுக்கு முன்னாடி பிபிஎஸ்ஆர்னு ஒரு அரசாங்க பதிவேட்டுல வண்டியோட சேசிஸ் நம்பர போட்டு பாக்கோணும், 2 டாலர்தான், வண்டி மேல கடன் பாக்கி இருக்குதா, திருட்டு வண்டியான்னு சொல்லிரும். நம்மூர்ல ஆர்சி புக்க வெயில்ல புடிச்சு பாக்கற வேலைக்கு இது எவ்வளவோ மேலு. விக்கறவரு ஓய்வு பெத்த சுரங்க டிரைவரு, கெழவரு. சீட்டு மேல ஆட்டுத் தோலு போத்தியிருந்தாரு, ரோமத்தோட. இந்த நாட்டுல நெறைய பேரு அப்படித்தான் ஓட்டறாங்க, நீளமான பயணத்துக்கு பின்பக்கம் வேர்க்காம இருக்குமாம். எஞ்சின தொட்டு பாத்தேன், சில்லுன்னு இருந்துது, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வெக்கலன்னு அர்த்தம், அதுவே பாதி நம்பிக்கை. செயினு ஸ்ப்ராக்கெட்டு பல்லு, வீல் பேரிங்கு ஆட்டம், ஸ்போக்க ஒவ்வொண்ணா ஸ்பேனர்ல தட்டி சத்தம். ஒரு ஸ்போக்கு மட்டும் சொத்தை தேங்காயாட்ட மந்தமா சத்தம் குடுத்துச்சு. அத சொன்னதும் கெழவரு ஒரு மாதிரி பாத்துட்டு வெல கொறைச்சுட்டாரு. ஏற்கனவே ஒசரம் எறக்கி வெச்ச வண்டி, அவரு சம்சாரமும் ஓட்டுவாங்களாம்.

ஒரு தடவ வாரக் கடைசில ஒரு பண்ணைக்கு போனப்ப இன்னொரு வண்டிய பாத்தேன், யமஹா ஏஜி 200. விவசாயிங்களுக்குன்னே செஞ்சது. முன்னாடியும் பின்னாடியும் கேரியரு, செயினு முழுக்க மூடி, ரெண்டு பக்கமும் சைடு ஸ்டாண்டு, அதுல ஒரு வேலைப்பாடு பாருங்க, கிளட்ச்ச புடிச்சு பூட்டி வெக்க ஒரு கொக்கி, கியர்லயே நிறுத்திட்டு எறங்கி வேலிக் கதவ தொறந்துட்டு வரலாம். அப்பாவுக்கு போட்டோ அனுப்புனேன். அஞ்சு நிமிசத்துல போன் வந்துருச்சு, நான் டிஆர் வாங்குனதுக்கு கூட இவ்வளவு சீக்கிரம் பண்ணல. "ஏஞ்சாமி, இது நம்ம டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு பெரியண்ணனாட்ட இருக்குதே, ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வெச்சவன் தோட்டத்துல கெடந்தவனாத்தான் இருப்பான்."

வண்டி வந்து எட்டு மாசம் ஆச்சு. இங்கத்த மண் ரோட்டுல ஒண்ணு இருக்குது, காருகேஷன்னு சொல்றாங்க, ரோட்டுக்கு குறுக்க பாத்தி கட்டுன மாதிரி வரிவரியா. மெதுவா போனா பல்லு கழண்டு விழும், எழுவது எம்பதுல போனா மேடு மேலயே மெதந்து போவும், ஆனா அப்ப பிரேக்கும் மெதந்துக்கும். டயர்ல காத்த கொறைச்சுட்டு எந்திரிச்சு நின்னு ஓட்டோணும், கைய கெட்டியா புடிக்கக் கூடாது. கங்காரு பொழுது சாயற நேரம் வரும். திம்பத்துல யானைக்கு பயந்து ஓட்டுனவனுக்கு இது புதுசில்ல, ஆனா யானை ரோட்டுல நின்னா தூரத்துலயே தெரியும், இது புதருக்குள்ள இருந்து அம்பாட்ட வரும், அதனால அஞ்சு மணிக்கு மேல நான் வண்டி எடுக்கறதில்ல.

போன மாசம் பல்லார்டு ஏரிக்கு போனேன். கல்கூர்லில இருந்து வடக்க 130 கிலோமீட்டர் மென்சீஸ், அங்க இருந்து மேக்கால அம்பது கிலோமீட்டர் சொச்சம் மண் ரோடு. உப்பு ஏரி, வெள்ளையா கண்ணுக்கெட்டுன தூரம். அதுல ஆண்டனி கோர்ம்லிங்கற சிற்பி 2003ல, மென்சீஸ் ஊருக்காரங்க ஒடம்ப ஸ்கேன் பண்ணி, 51 உலோகச் சிலைய அங்கங்க நட்டு வெச்சிருக்கறாரு, ஒல்லி ஒல்லியா. வெயில்ல தூரத்துல நிக்கறத பாத்தா எனக்கு எங்க காட்டோரம் நிக்கற கன்னிமாரு ஞாபகம். திரும்பி வர்றப்ப எதிர்ல ஒரு வேனுக்கு ஒதுங்கி ஓரத்துக்கு போனேன், ஓரம் பூரா மாவு மாதிரி மணலு, பயத்துல முன் பிரேக்க தொட்டேன், தப்பு என்ற மேலதான், முன் வீலு மடிஞ்சு எடது பக்கமா போட்டுருச்சு. வேன்காரன் பாக்கவே இல்ல, போயிட்டான். போன்ல சிக்னல் இல்ல. எனக்கு முழங்கைல சிராய்ப்பு, வண்டிக்கு கண்ணாடி.

மொதல்ல எஞ்சின ஆஃப் பண்ணேன். கொஞ்ச நேரம் உக்காந்து தண்ணி குடிச்சேன். வண்டி எடப்பக்கம் விழுந்து கெடக்குது, ஸ்டாண்டும் அந்தப் பக்கம்தான், அதனால அப்பா சொன்ன ஸ்டாண்டு வேலை இங்க பலிக்காது, தூக்குன பொறவு நாந்தான் இடுப்பால தடுக்கோணும். முதுக காட்டி குந்தி தூக்குனேன், மணலு வழுக்கி வண்டி என்னையும் சேத்து தள்ளிட்டு போச்சு. ரெண்டாவது தடவயும் அதே. அப்பறம் கியர்ல போட்டு வீலு உருளாம பண்ணிட்டு, கையாலயே மணல தோண்டி குதிகாலுக்கு ரெண்டு குழி பண்ணி, அதுல ஊனி ஒந்துனேன், எந்திரிச்சுது. வலப்பக்கம் சாயப் போன வண்டிய இடுப்ப திருப்பி புடிச்சு நிறுத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. பட்டன அமுக்குனேன், நாலாவது தடவைல ஸ்டார்ட் ஆச்சு.

ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணி இத சொன்னேன். "196 கிலோ வண்டியா இருந்திருந்தா அங்கயே கெடந்திருப்பேனுங்ப்பா"ன்னேன். அவரு அத காதுல வாங்கிக்கல, எக்ஸ்பல்ஸுக்கு இன்சூரன்ஸ் முடியுது, பணம் கட்டியாச்சுன்னாரு. அத எதுக்குங்ப்பா, ஆருதான் ஓட்டறாங்கன்னு கேட்டேன், பேச்ச மாத்திட்டாரு. மறுநாளு அம்மா வாட்சப்புல ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. எக்ஸ்பல்ஸுக்கு பின்னாடி ரெண்டு பக்கமும் கம்பி வெல்டிங் வெச்சு, ரெண்டு பால்கேனு தொங்குது. சீட்டு அவருக்கு எட்டாதுங்கறதனால வண்டிய வாய்க்கா மேட்டோரமா நிறுத்தி, மேட்டுல இருந்து வேட்டிய தூக்கி கட்டிட்டு ஏறிட்டு இருக்கறாரு.